நிரல் வந்த வழி – 17: லாரியா, பஸ்ஸா?

தாம்பரம், வண்டலூர்ப் பக்கமிருந்து ஒரகடத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குப் படப்பைதான் வழக்கமான வழி. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அந்தச் சாலையில் கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். நடுநடுவே உதிரிபாகம் ஏற்றிய லாரிகளும் புதுக் கார்களை அடுக்கிய டிரெய்லர்களும் ஊர்ந்துகொண்டிருக்கும். மேற்கே சில கிலோமீட்டர் போனால் டைம்லர் நிறுவனத்தின் ஆலை. 2012 ஏப்ரலில் திறக்கப்பட்டு பாரத்பென்ஸ் லாரிகளைச் செய்யத் தொடங்கியது. 2015-இல் அதே வளாகத்தில் பஸ் தயாரிப்பும் சேர்ந்துகொண்டது.

இந்த அத்தியாயத்துக்கும் நமக்கு லாரியும் பஸ்ஸும்தான் வேண்டும். 1966-இன் பிற்பகுதியில் ஆஸ்லோ நகரில் இரண்டு பேர் ஒரே கேள்வியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். ஒரு பாலம், அதில் ஒரு சுங்கச்சாவடி. சாவடியில் வண்டிகள் வரிசையாக நிற்கின்றன. வருவது லாரியாக இருக்கலாம், பஸ்ஸாகவும் இருக்கலாம். இந்த வரிசையைக் கணிப்பொறிக்குள் எப்படி எழுதுவது? பேஸ் கிளாஸ் பாயிண்டரில் டிரைவ்டு கிளாஸ் ஆப்ஜெக்டின் முகவரியை வைக்கலாம் என்று இன்று வகுப்பில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுகிறோம். அந்த வரி பிறந்தது இந்தச் சாவடியில்தான்.

தமிழ்வழியில் பதினொன்றாம் வகுப்பு கணினி அறிவியல் படித்தவர்களுக்கு இவை அடிப்படை இனக்குழு, தருவிக்கப்பட்ட இனக்குழு, மரபுரிமம், பல்லுருவாக்கம் என்ற பெயர்களில் அறிமுகமாகியிருக்கும். நான் ஒரகடம் பக்கத்து மென்பொருள் ஆட்கள் பேசுகிறபடி கிளாஸ், பாயிண்டர் என்றே எழுதுகிறேன்.

அந்த இருவரில் மூத்தவர் கிறிஸ்டென் நைகார்ட், 1926-இல் பிறந்தவர். இளையவர் உலே-யோஹான் டால், 1931-இல் பிறந்தவர். நைகார்ட் இளைஞராக நார்வேயின் பாதுகாப்பு ஆய்வு நிறுவனத்தில் சேர்ந்து, அந்நாட்டின் முதல் அணு உலைக்கான கணக்குகளைப் போட்டவர். பிறகு செயலாய்வுத் துறைக்கு வந்தார். ஒரு பெரிய அமைப்பில் ஆளும் பொருளும் எங்கே தேங்குகின்றன, எங்கே காத்திருக்கின்றன, எந்த இடத்தை அகலப்படுத்தினால் ஓட்டம் சீராகும் என்று கணக்கிடுகிற வேலை அது. துறைமுகம், விமான நிலையம், தொழிற்சாலை என எதை எடுத்தாலும் கடைசியில் அது வரிசைகளின் கணக்காகவே வந்து நிற்கும். 1960-இல் அவர் நார்வே கணிப்பு மையத்துக்கு மாறினார். அங்கே டாலும் வந்து சேர, வரிசைகளை எழுதுவதற்கென்றே ஒரு மொழி செய்யத் தொடங்கினார்கள். யுனிவாக் 1107 என்ற கணிப்பொறியில் 1965-இன் தொடக்கத்தில் அது ஓடத் தொடங்கியது. பெயர் சிமுலா.

முதல் சிமுலாவில் லாரியை ஒரு வகையாகவும் பஸ்ஸை இன்னொரு வகையாகவும் எழுத முடிந்தது. ஆனால் இரண்டுக்கும் பொதுவானதை ஓரிடத்தில் எழுதி வைக்க வழியில்லை. வரிசையில் எனக்கு முன்னால் யார், பின்னால் யார், எத்தனை மணிக்கு வந்தேன் என்ற செய்திகள் லாரிக்கும் உண்டு, பஸ்ஸுக்கும் உண்டு. இரண்டு இடத்திலும் அதையே திரும்ப எழுத வேண்டியிருந்தது. அதைவிடப் பெரிய சங்கடம் சாவடிக்கு. முன்னால் நிற்கும் வண்டியைத் தொடுவதற்கு முன் 'நீ லாரியா? லாரி என்றால் இப்படிச் செய். பஸ்ஸா? பஸ் என்றால் அப்படிச் செய்' என்று ஒவ்வொரு முறையும் விசாரிக்க வேண்டும். நாளைக்கு மூன்றாவதாக ஒரு வண்டி வந்தால், விசாரணை எழுதப்பட்ட எல்லா இடங்களையும் தேடிப்போய்த் திருத்த வேண்டும். ஓரிடத்தை விட்டுவிட்டாலும் நிரல் தவறாக ஓடும், விட்டுப்போனதை யாரும் சொல்ல மாட்டார்கள்.

விடைக்கு அருகே அவர்களை நகர்த்தியவர் இங்கிலாந்தின் டோனி ஹோர். 1966 செப்டம்பரில் பிரான்சின் வில்லார்-த-லான் என்ற மலையூரில் நடந்த கோடைப் பள்ளியில், பதிவுகளைக் கையாளும் முறை குறித்து அவர் பாடம் நடத்தினார். முகவரியை வைத்திருக்கும் மாறிக்கு 'நீ இந்த வகைப் பொருளைத்தான் சுட்டலாம்' என்று கட்டுப்பாடு விதித்தால், பெரும்பகுதித் தவறுகளை நிரல் ஓடும் முன்னரே கம்பைலர் பிடித்துவிடும் என்பது அவர் திட்டத்தின் உயிர். எதையுமே சுட்டாத வெற்றுச் சுட்டும் அதே காலத்தில் அவர் புகுத்தியதுதான். பிற்காலத்தில், 2009-இல், அதைத் தன் நூறு கோடி டாலர் தவறு என்று அவரே வருந்திச் சொன்னார். ஹோரின் யோசனை ஆஸ்லோ இருவருக்கும் பெரிய உந்துதல் தந்தது. ஆனால் சாவடிக் கேள்விக்கு அது முழு விடையாகவில்லை.

முழு விடை அந்தக் குளிர்காலத்தில் வந்தது. ஒரு கிளாஸின் அறிவிப்புக்கு முன்னால் இன்னொரு கிளாஸின் பெயரை எழுதினால் போதும், முன்னதில் உள்ள எல்லாம் பின்னதற்கும் வந்துவிடும். 'இணைப்பு' என்று ஒரு கிளாஸ். முன்னால் யார், பின்னால் யார் என்பது மட்டும் அதில் இருக்கும். 'இணைப்பு' என்று முன்னால் எழுதி 'வண்டி'யை அறிவிக்கலாம். 'வண்டி' என்று முன்னால் எழுதி 'லாரி'யையும் 'பஸ்'ஸையும் அறிவிக்கலாம். வரிசை என்பது இனி இணைப்புகளின் வரிசை. அதில் நிற்பது லாரியா பஸ்ஸா என்று வரிசை கவலைப்பட வேண்டியதில்லை. 'வண்டி' வகையைச் சுட்டலாம் என்று அறிவித்த மாறி, வண்டியிலிருந்து பிறந்த எதையும் சுட்டலாம். ஹோரின் கட்டுப்பாடும் குலையவில்லை. அந்த மாறியின் வழியாக வண்டிக்கு உரியதைத்தான் கேட்க முடியும், பஸ்ஸுக்கு மட்டுமே உரிய இருக்கை எண்ணிக்கையைக் கேட்டால் கம்பைலர் தடுத்துவிடும்.

1967 மே மாதம் ஆஸ்லோவை அடுத்த லீசேபூவில் நடந்த மாநாட்டில் இதை வெளியிட்டார்கள். அதே ஆண்டில் உருவான சிமுலா 67 மொழியில் இதன் மறுபாதியான வர்ச்சுவல் செயல்முறையும் வந்து சேர்ந்தது. வண்டியிடம் 'கட்டணம் எவ்வளவு' என்று கேட்கலாம் என்று மட்டும் பேஸ் கிளாஸில் சொல்லி வைப்பது, கணக்கை லாரி தன் வழியிலும் பஸ் தன் வழியிலும் எழுதிக்கொள்வது, கேட்கிறவர் கையில் வெறும் வண்டிச் சுட்டு இருந்தாலும் நிற்பது எதுவோ அதன் கணக்கே ஓடுவது. சாவடியின் விசாரணை இதோடு முடிந்தது.

இதில் வியக்க வேண்டிய இடத்தைப் பலர் கவனிக்காமல் போகிறார்கள். நிரலெழுத்தில் அதுவரை புதிய நிரல் பழைய நிரலை அழைக்கும். முன்பே எழுதி வைத்த நூலகத்தை இன்று எழுதுகிறவர் பயன்படுத்துவார். இங்கே திசை திரும்புகிறது. சாவடியை எழுதியவர் வேலையை முடித்துப் போய்விட்டார். பத்து வருடம் கழித்து வேறொருவர் டிராக்டர் என்று ஒரு கிளாஸ் எழுதுகிறார். சாவடி நிரலில் ஒரு வரியைக்கூடத் தொடாமல் அந்த டிராக்டருக்குச் சரியான கட்டணம் விதிக்கப்படுகிறது. பழைய நிரல், தான் எழுதப்பட்டபோது பிறந்தே இராத நிரலை அழைக்கிறது. பெரிய மென்பொருளைப் பல பேர், பல நிறுவனங்கள், பல ஆண்டுகள் சேர்ந்து கட்டுவதற்கு இதுவே வழி திறந்தது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த ஆலன் கே, கைக்கு வந்த முதல் சிமுலாவின் நிரலைப் படித்தே தன் எண்ணம் திசை மாறியது என்று பின்னாளில் பதிவுசெய்தார். அவருடைய ஸ்மால்டாக் மொழிக்குத் தனி அத்தியாயம் வேண்டும், இப்போது வேண்டாம்.

நைகார்டை இங்கே விட்டுவிட்டுப் போக எனக்கு மனம் வரவில்லை. தொழிற்பேட்டையில் இருந்துகொண்டு இந்த வரலாற்றைப் படிக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய பகுதி இனிமேல்தான் வருகிறது. சிமுலாவைத் தொழிற்சாலைகள் பயன்படுத்தத் தொடங்கியதும் நைகார்டுக்கு ஒன்று உறைத்தது. வரிசையில் நிற்பது வண்டி மட்டும் அன்று. தொழிலாளரின் வேலையும் அதன் வேகமும் இடைவேளையும் பக்கத்து ஆளோடு பேசிக்கொள்ளக் கிடைக்கும் நேரமும்கூட அந்த மாதிரிக்குள் எண்களாகப் போயின. கணிப்பொறி சொன்ன 'சிறந்த' ஏற்பாடு பெரும்பாலும் தொழிலாளருக்குப் பாதகமாகவே அமைந்தது. தான் செய்த கருவி யாருக்கு எதிராகப் பயன்படுகிறது என்ற கேள்வியிலிருந்து அவர் விலகிப் போகவில்லை. 1970-களின் தொடக்கத்தில் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து வேலை செய்தார். ஆலைக்குள் வரும் கணிப்பொறி முறைகளைத் தொழிலாளர்களே ஆராய்ந்து, நிர்வாகத்தோடு பேரம் பேசத் தேவையான அறிவைத் திரட்டுவது அந்தத் திட்டத்தின் நோக்கம். புதிய தொழில்நுட்பத்தைப் புகுத்துமுன் தொழிலாளருக்குத் தகவல் தர வேண்டும், கலந்து பேச வேண்டும் என்ற ஒப்பந்தங்கள் நார்வேயில் அதன் தொடர்ச்சியாக வந்தன. பயன்படுத்துகிறவரையும் சேர்த்துக்கொண்டு மென்பொருள் வடிவமைக்கும் ஸ்காண்டிநேவிய மரபுக்கு வேர் இதுதான். லைனில் ஒரு ஸ்டேஷனுக்கு எத்தனை விநாடி என்று கணிப்பொறி முடிவுசெய்கிற எந்த ஊரிலும் இந்த மனிதரின் பெயர் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

ஆஸ்லோவில் பிறந்த கருத்து உலகத்தின் கைக்கு வந்தது ஒரு டென்மார்க்காரர் வழியாக. பியார்னே ஸ்ட்ரௌஸ்ட்ரப் ஆர்ஹுஸ் நகரத்தவர், சிமுலாவை அங்கேயே கற்றவர். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டத்துக்காக, பல கணிப்பொறிகள் சேர்ந்து இயங்கும் அமைப்பு ஒன்றைச் சிமுலாவில் மாதிரியாக எழுதினார். எழுதுவது இன்பமாக இருந்தது என்கிறார். ஓடவிட்டதும் இன்பம் போயிற்று. ஓடும் நேரத்தில் 80 விழுக்காட்டுக்கு மேல், பயன்பட்டு முடிந்த நினைவகத்தைத் தேடித் துப்புரவு செய்வதிலேயே கழிந்தது. வேறு வழியின்றி எல்லாவற்றையும் பிசிபிஎல் என்ற கீழ்நிலை மொழியில் திரும்ப எழுதினார். வேகம் கிடைத்தது, எழுதும் சுகம் போனது. இனி இப்படி ஒரு வேலையில் தகுந்த கருவி இல்லாமல் இறங்குவதில்லை என்ற முடிவோடு 1979-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். சென்ற அத்தியாயத்தில் நாம் பார்த்த சி மொழி பிறந்த அதே இடம். சிமுலாவின் கிளாஸைச் சி மொழிக்குள் கொண்டுவரும் வேலையை அந்த ஆண்டிலேயே தொடங்கினார்.

முதல் சில ஆண்டுகள் அந்த மொழியின் பெயர் 'கிளாஸ்களுடன் கூடிய சி'. அதில் டிரைவ்டு கிளாஸ் இருந்தது, வர்ச்சுவல் இல்லை. பேஸ் கிளாஸ் பாயிண்டரில் எதை வேண்டுமானாலும் சுட்டலாம், ஆனால் அதன் வழியாக அழைத்தால் பேஸ் கிளாஸின் செயலே ஓடும். ஆகவே நிரலாளர்கள் ஒவ்வொரு பொருளுக்குள்ளும் 'நான் எந்த வகை' என்று ஓர் எண்ணை எழுதி வைத்து, ஸ்விட்ச் போட்டுப் பிரித்தார்கள். 1966-இன் சாவடி விசாரணையே மறுபடியும் வந்து நின்றது. வர்ச்சுவல் வந்த பிறகு, 1983-இல், மொழிக்கும் புதுப்பெயர் வைத்தார்கள். சி++ என்ற அந்தப் பெயரைச் சொன்னவர் உடன் பணியாற்றிய ரிக் மஸ்கிட்டி. 1985 அக்டோபரில் கம்பைலர் விற்பனைக்கு வந்தது.

வர்ச்சுவல் அழைப்பு உள்ளே எப்படி நடக்கிறது என்பதை ஒரகடத்து ஆலை ஒன்றை வைத்தே சொல்லலாம். 2010 மார்ச்சில் திறக்கப்பட்ட ரெனோ–நிசான் ஆலையில் இரண்டு நிறுவனங்களின் கார்கள் செய்யப்பட்டன. ரெனோ குவிட்டும் நிசானின் டாட்சன் ரெடிகோவும் ஒரே அடித்தளத்தில் எழுந்த வேறு வேறு கார்கள். பல மாடல்கள் கலந்து வரும் எந்த லைனிலும் ஸ்டேஷனில் நிற்பவருக்கு, 'வந்திருப்பது எந்த மாடல்' என்று நிமிர்ந்து பார்த்து நினைவிலிருந்து முடிவுசெய்யும் வேலை கொடுப்பதில்லை. வண்டியோடு ஒரு தாள் வரும். இந்த ஸ்டேஷனுக்கு உரிய கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அந்த உதிரியைப் பூட்டு. கம்பைலரும் அதையே செய்கிறது. ஒவ்வொரு கிளாஸுக்கும் ஓர் அட்டவணை போடுகிறது. அதன் முதல் கட்டத்தில் கட்டணச் செயலின் முகவரி, இரண்டாவதில் வேறொன்று. லாரியின் அட்டவணையிலும் பஸ்ஸின் அட்டவணையிலும் கட்டணத்துக்கு அதே முதல் கட்டம்தான், உள்ளே இருக்கும் முகவரி மட்டும் வேறு. உருவாகும் ஒவ்வொரு பொருளுக்குள்ளும் தன் கிளாஸின் அட்டவணையைக் காட்டும் மறைவான ஒரு பாயிண்டர் வைக்கப்படுகிறது. சாவடி நிரல், பொருளிடமிருந்து அட்டவணையை எடுத்து, முதல் கட்டத்தைப் படித்து, அங்கே தாவுகிறது. வகையைப் பற்றிய கேள்வியே எழவில்லை.

இதற்கான செலவு, இன்றைய 64 பிட் கணிப்பொறியில் பொருளுக்கு 8 பைட், அழைப்புக்கு நினைவகத்தை ஓரிரு முறை கூடுதலாகப் படிப்பது. அந்தச் செலவைக்கூட ஸ்ட்ரௌஸ்ட்ரப் எல்லார் தலையிலும் கட்டவில்லை. பயன்படுத்தாத வசதிக்கு யாரும் விலை கொடுக்கக் கூடாது என்பது அவர் கொள்கை. ஆகவே வர்ச்சுவல் என்று எழுதினால்தான் வர்ச்சுவல், எழுதாவிட்டால் பாயிண்டரின் வகை எதுவோ அதன் செயல் ஓடும். 1995-இல் வந்த ஜாவா இதை மாற்றிப் போட்டது. அங்கே கேட்காமலே எல்லாம் வர்ச்சுவல், வேண்டாம் என்றால்தான் சொல்ல வேண்டும்.

சி++ படிக்கும் மாணவர்களை இந்தப் பாடத்தில் அலைக்கழிக்கும் சிக்கல்களுக்கு வேர் எங்கே இருக்கிறது என்று பார்த்தால், அது ஆஸ்லோவில் இல்லை. சிமுலாவில் எந்தப் பொருளையும் சுட்டின் வழியாகவே தொட முடியும், பயன்பாடு முடிந்த பொருளை மொழியே துப்புரவு செய்துவிடும். அந்தத் துப்புரவுதான் கேம்பிரிட்ஜில் ஸ்ட்ரௌஸ்ட்ரப்பை வாட்டியது. அவர் அதை நீக்கிவிட்டு, சி மொழியின் நினைவக முறையில் சிமுலாவின் கிளாஸை நட்டார். வேகம் அங்கிருந்து வந்தது, காயங்களும் அங்கிருந்தே வந்தன.

முதல் காயம் வெட்டுப்படுதல். லாரியைப் பாயிண்டரால் சுட்டாமல், வண்டி வகை மாறி ஒன்றுக்குள் நகலெடுத்தால், வண்டியின் பங்கு மட்டும் உள்ளே போகும், லாரிக்கே உரியது வெளியே உதிர்ந்துவிடும். சி மொழியில் மாறி என்றால் அளவு குறித்த இடம், அந்த இடத்தில் கொள்வதுதான் கொள்ளும். கம்பைலர் முணுமுணுக்காமல் ஏற்றுக்கொள்ளும், கட்டணம் தவறாக வரும்.

இரண்டாவது, வரிசைப்படி அடுக்கிய லாரிகளை வண்டிப் பாயிண்டர் வைத்து ஒவ்வொன்றாக நடந்து பார்ப்பது. அடுத்ததற்குப் போ என்றால் பாயிண்டர் ஒரு வண்டியின் அளவுதான் நகரும். லாரி அதைவிடப் பெரிது. இரண்டாவது அடியில் பாயிண்டர் முதல் லாரியின் நடுவயிற்றில் நிற்கும்.

மூன்றாவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. வண்டிப் பாயிண்டர் வழியாக லாரியை அழிக்கிறோம். வண்டியின் டிஸ்ட்ரக்டர், அதாவது பொருள் அழியும்போது ஓடும் துப்புரவுச் செயல், வர்ச்சுவல் என்று அறிவிக்கப்படாமல் இருந்தால், என்ன நடக்கும் என்பதற்கு மொழி எந்த உத்தரவாதமும் தருவதில்லை. நடைமுறையில் பெரும்பாலும் வண்டியின் பங்கு மட்டும் துப்புரவாகும். லாரி பிடித்து வைத்திருந்த நினைவகம், திறந்து வைத்திருந்த கோப்பு எல்லாம் அப்படியே கிடக்கும். ஒரு முறை நடந்தால் தெரியாது. நாள் முழுக்க ஓடும் இயந்திரத்தில், சொட்டுச் சொட்டாகக் கசிந்து, என்றோ ஒரு நாள் எல்லாம் நின்றுபோகும்.

இந்த மூன்றாவது காயத்துக்கு மருந்து தேடியவர்களின் கதை ஸ்ரீபெரும்புதூரைத் தொட்டுப் போகிறது. 2006 ஜனவரியில் நோக்கியா அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள், பெரும்பகுதி பெண்கள், கம்பெனி பஸ்களில் வந்து போனார்கள். நாடெங்கும் எளியவர்கள் கையில் இருந்த சாதாரண போன்களே அங்கே அதிகம் உருவாயின. அந்த நிறுவனத்தின் விலையுயர்ந்த ஸ்மார்ட்போன்களை இயக்கியது சிம்பியன். அது 1998-இல் சியான், நோக்கியா, எரிக்சன், மோட்டரோலா ஆகியவை சேர்ந்து அமைத்த நிறுவனம், சியான் சி++ மொழியில் எழுதியிருந்த இயங்குதளத்தின் மேல் எழுந்தது. மாதக்கணக்கில் அணைக்காமல் வைத்திருக்கும் போனில், நினைவகம் மிகக் குறைவு, ஒரு சொட்டும் கசியக் கூடாது.

சிம்பியனை எழுதியவர்கள் கண்ட ஒழுங்கு எளியது. ஹீப்பில், அதாவது நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகத்தில், உருவாகும் கிளாஸ்களுக்கெல்லாம் சிபேஸ் என்ற ஒரே மூதாதை. அதன் டிஸ்ட்ரக்டர் வர்ச்சுவல். துப்புரவு அடுக்கு என்று ஒன்று இருக்கும். பாதியில் வேலை முறியக்கூடிய இடத்தில், உருவாக்கிய பொருளின் முகவரியை அந்த அடுக்கில் போட்டு வைக்க வேண்டும். வேலை முறிந்தால், அடுக்கில் இருப்பவற்றை அதுவே அழித்துவிடும். சிபேஸ் பாயிண்டராகப் போட்டால், எந்த டிரைவ்டு கிளாஸாக இருந்தாலும் அதன் டிஸ்ட்ரக்டர் முறையாக ஓடும். வகை சொல்லாத வெற்று முகவரியாகப் போட்டுவிட்டால் நினைவகம் மட்டும் விடுபடும், டிஸ்ட்ரக்டர் ஓடாது. சிபேஸிலிருந்து பிறப்பிக்க மறந்த கிளாஸ்கள் கம்பைலரிடம் தப்பி, இந்த இரண்டாவது வழியில் விழுந்துவிடும். சிம்பியன் நிரலாளர்கள் முதலில் கற்ற எச்சரிக்கைகளில் இதுவும் ஒன்று.

2008-இல் நோக்கியா ஒரு நிறுவனத்தை வாங்கியது. ஆஸ்லோவில் ஹாவார்ட் நோர்டும் ஐரிக் ஷாம்ப்-எங்கும் 1994-இல் தொடங்கிய டிரோல்டெக் நிறுவனம், அதன் க்யூட்டி நூலகத்தோடு. சிமுலா பிறந்த அதே நகரத்தில், சிமுலாவின் வழிவந்த சி++ மொழியில், திரையில் தெரியும் ஒவ்வொரு பொத்தானும் சாளரமும் கியூஆப்ஜெக்ட் என்ற ஒரே பேஸ் கிளாஸிலிருந்து பிறந்தன. தாய்ப் பொருளை அழித்தால் அது தன் பிள்ளைகளை கியூஆப்ஜெக்ட் பாயிண்டர்கள் வழியாகத் தானே அழித்துவிடும். பிள்ளை பொத்தானா படமா என்று தாய் கேட்பதில்லை. சிம்பியனுக்குப் பின் க்யூட்டியை நம்பலாம் என்பது நோக்கியாவின் கணக்கு. கணக்கு பலிக்கவில்லை. க்யூட்டியை 2012-இல் விற்றார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2014 நவம்பர் 1 அன்று உற்பத்தி நின்றது. நிரல் இன்னொருவர் கைக்கு மாறி இன்றும் வாழ்கிறது, கார்களின் திரைகளிலும் ஓடுகிறது. அந்த ஆலையில் வேலை இழந்தவர்களுக்கு அப்படி ஒரு தொடர்ச்சி எளிதில் அமையவில்லை. நைகார்ட் எழுப்பிய கேள்வி இங்கேயும் பொருந்தும்.

வரிசையில் சற்றுப் பின்னால் போய் ஒருவரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். 1987-இல் பார்பரா லிஸ்கோவ் ஓர் உரையில் கம்பைலரால் பிடிக்க முடியாத ஒரு நிபந்தனையைச் சொன்னார். பேஸ் கிளாஸை நம்பி எழுதிய நிரல், அதன் இடத்தில் டிரைவ்டு கிளாஸ் வந்து உட்கார்ந்தாலும் நம்பியபடியே நடக்க வேண்டும். செயலின் பெயர் ஒத்துப்போவது போதாது, நடத்தை ஒத்துப்போக வேண்டும். கட்டணம் கேட்டால் ஒருபோதும் எதிர்மறை எண் வராது என்று வண்டி வாக்களித்திருந்தால், சலுகை பெற்ற பஸ்ஸும் அந்த வாக்கை மீறக் கூடாது. மீறினால் சாவடியின் கணக்கு கெடும், சாவடியை எழுதியவர் மேல் குற்றம் இல்லை. பழைய நிரல் புதிய நிரலை அழைக்கலாம் என்ற பெருமைக்கு உரிய விலை இதுவே. அழைக்கிறவருக்கு அழைக்கப்படுகிறவரைத் தெரியாது, அதனால் இருவருக்கும் நடுவே இருக்கும் வாக்கு மட்டுமே காவல். லிஸ்கோவுக்கு 2008-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. டாலும் நைகார்டும் 2001-ஆம் ஆண்டின் விருதைப் பகிர்ந்துகொண்டு, 2002-இல் ஆறே வார இடைவெளியில் அடுத்தடுத்து மறைந்தார்கள்.

தமிழ்நாட்டின் கல்லூரிகளுக்கு இந்தப் பாடம் 1990-களில் டர்போ சி++ நீலத்திரை வழியாக வந்தது. அண்ணா பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்த இ. பாலகுருசாமியின் சி++ நூல், பாயிண்டர், வர்ச்சுவல், பல்லுருவாக்கம் மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் சேர்த்து நடத்தியது. அதில் படித்து வந்த தலைமுறைகள் பல. பொதுவாக வகுப்பறைகளில் இதை நடத்தும் விதத்தில் எனக்கு ஒரு குறை உண்டு. விலங்கு என்று ஒரு கிளாஸ், நாய் குரைக்கும், பூனை கத்தும் என்று உதாரணம் தருகிறோம். நாயையும் பூனையையும் ஏன் ஒரே பாயிண்டரில் வைக்க வேண்டும் என்ற கேள்விக்கு அந்த உதாரணத்தில் விடையே கிடையாது. தேவை தெரியாமல் கற்றது தேர்வு முடிந்ததும் போய்விடுகிறது. வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். பல வகை வண்டிகள், ஒரு வரிசை, ஒரு சாவடி, நாளை வரப்போகும் தெரியாத வண்டி. முதலில் மாணவர்களை ஸ்விட்ச் போட்டு எழுதச் சொல்ல வேண்டும். பிறகு மூன்றாவது வண்டியைச் சேர்க்கச் சொல்ல வேண்டும், அதன் பிறகு நான்காவதை. கை வலித்த பின் வர்ச்சுவலைச் சொன்னால் ஒருவரும் மறக்க மாட்டார்கள்.

ஒரகடம் பேட்டையில் செய்யப்படும் வாகனங்களுக்கும் இப்போது இந்தப் பாடம் வந்துவிட்டது. 2003-இல் பிஎம்டபிள்யூ, பாஷ், டைம்லர் முதலிய நிறுவனங்கள் சேர்ந்து வாகன மென்பொருளுக்குப் பொது வடிவம் வகுக்க ஆட்டோசார் என்ற கூட்டமைப்பைத் தொடங்கின. அதன் பழைய தளம் சி மொழியில். 2017-இல் வெளியான அடாப்டிவ் தளம் சி++ மொழியில். அதோடு வந்த நிரலெழுத்து விதிகளில் ஒன்று, பேஸ் கிளாஸின் டிஸ்ட்ரக்டர் பொதுவில் இருந்தால் வர்ச்சுவலாக இருக்க வேண்டும், இல்லையேல் வெளியிலிருந்து யாரும் அழைக்க முடியாதபடி காக்கப்பட்டிருக்க வேண்டும் என்கிறது. சிபேஸ் கற்றுத் தந்த அதே பாடம், இம்முறை பிரேக்கும் ஸ்டீயரிங்கும் உள்ள பொருளுக்கு.

அதே 2017-இல் சி++ மொழிக்குள் இன்னொன்றும் வந்தது. வேரியண்ட் என்ற வகை. லாரி, பஸ் இரண்டே இரண்டுதான், வேறு எதுவும் வராது என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டால், பொருளுக்குள் 'நான் எந்த வகை' என்ற எண்ணை மொழியே பாதுகாப்பாக வைத்துக்கொள்ளும். பாயிண்டர் வேண்டாம், ஹீப் வேண்டாம், அட்டவணை வேண்டாம். ஒரு வகையைக் கவனிக்காமல் விட்டுவிட்டால் இந்த முறை கம்பைலர் சொல்லிவிடும். 1967-இல் ஒழித்த விசாரணை, காவலோடு திரும்பி வந்திருக்கிறது. நினைவகத்தை அளந்து செலவிட வேண்டிய கட்டுப்பாட்டுப் பெட்டிகளுக்கு நிரல் எழுதுகிறவர்களில் பலர் இதையே விரும்புகிறார்கள்.

எது சரி என்பது எது பெருகப்போகிறது என்பதைப் பொறுத்தது. நாளை புதிய வண்டி வகைகள் வரும், ஆனால் அவற்றைக் கேட்கும் கேள்வி மாறாது என்றால் பேஸ் கிளாஸ் பாயிண்டர். வண்டி வகைகள் இவ்வளவுதான், ஆனால் கேள்விகள் பெருகும், கட்டணத்தோடு புகை அளவு, எடை, காப்பீடு என்று போய்க்கொண்டே இருக்கும் என்றால் வேரியண்ட். இரண்டும் பெருகினால் என்ன செய்வது என்ற சிக்கலுக்கு 1998-இல் பிலிப் வாட்லர் ஒரு பெயர் வைத்தார். அதற்குக் கிடைத்த விடைகளை அடுத்த அத்தியாயத்தில் பார்ப்போம்.

(தொடரும்)